பூமியை அளந்த ஜான் மில்ன்

மலருக்கு ஒரு மேதையின் வாழ்க்கை வரலாறு வேணும் என்றார்கள். கட்டடம் கட்டிப் பிழைக்கும் நம்மில் பலரும் மறந்துவிட்ட ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

ஜான் மில்ன் 1850-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். ஜப்பான் அரசின் பொறியியல் கல்லூரியில் சுரங்கமும் நிலவியலும் சொல்லிக்கொடுக்க 1876-ல் டோக்கியோ போய்ச் சேர்ந்தார். கப்பலை நம்பாமல் ரஷ்யா, சைபீரியா வழியாக மாதக்கணக்கில் பயணம் செய்தார் என்றால் பிடிவாதத்தைப் பாருங்கள்!

1880-ல் யோகஹாமாவில் பூமி குலுங்கியது. அந்த வருஷமே ஜப்பான் நிலநடுக்கச் சங்கம் பிறக்க முன்னின்றார். நடுக்கத்தை வரைந்து காட்டும் கருவிகள் செய்தார். அதோடு நிற்கவில்லை. சின்னதாக ஒரு மர வீடு கட்டி, அதைப் பத்து அங்குல இரும்புக் குண்டுகள் மேல் உட்கார வைத்தார். பூமி ஆடினால் குண்டு உருளட்டும், வீடு நிற்கட்டும் என்பது கணக்கு. ஆனால் காற்றடித்தாலே வீடு நகர ஆரம்பித்தது! குண்டைச் சின்னதாக்கிக்கொண்டே வந்து, கடைசியில் கால் அங்குலச் சிறு குண்டுகளில்தான் காற்றுக்கும் வீடு நின்றது. ஒரு ஆபத்துக்குக் காவல் போட்டால் இன்னொன்று வேறு வாசலில் நுழையும் என்பது அவர் கண்ட பாடம்.

1891-ல் மினோ-ஓவாரி நடுக்கம் ஏழாயிரம் பேருக்கு மேல் பலிவாங்கியது. 1895-ல் அவருடைய வீடும் ஆய்வுக்கூடமும் தீயில் போயின. மனைவி தோனேயுடன் இங்கிலாந்து திரும்பி, வைட் தீவில் ஷைட் என்ற ஊரில் மறுபடி ஆரம்பித்தார். உலகமெங்கும் அவர் கருவிகள் போயின. நம்ம கொடைக்கானல் ஆய்வகத்திலும் மில்ன் கருவி ஓடியது என்பது நமக்குப் பெருமை. 1913-ல் காலமானார்.

அவர் விதைத்தது பின்னால் முளைத்தது. 1989-ல் டோக்கியோவில் பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், கணினி சொன்னபடி நகரும் எடைகளை வைத்தார்கள். உணர்கருவி ஆட்டத்தைச் சொல்லும். கணினி கணக்குப் போடும். எடை எதிர்ப்பக்கம் தள்ளி ஆட்டத்தைக் குறைக்கும். பாவு தளர்ந்தால் எங்க ஊர் நெசவாளர் கை உடனே இழுத்துச் சரிசெய்யுமே, அதே மாதிரிதான். ஆனால் அது பலத்த காற்றுக்கும் நடுத்தர நடுக்கத்துக்கும்தான். பெரும் நடுக்கத்தைத் தடுக்க எக்கச்சக்க விசை வேணும். அந்த நேரம் கரண்ட் இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. நடுக்கம் எப்படி வரும், கட்டடம் உண்மையில் எவ்வளவு விறைப்பு என்பதும் முன்கூட்டித் தெரியாது. அதனால் எந்திரம் ஓடாவிட்டாலும் தூணும் உத்திரமும் தாங்கணும் என்றே வடிவமைக்க வேண்டியிருக்கிறது.

நமக்கென்ன என்று இருக்க வேண்டாம். 2002-ல் திருத்திய இந்தியத் தர விதி காஞ்சிபுரத்தை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வைத்தது. கீழே கார் நிறுத்த வெறும் தூண், மேலே கனத்த சுவர் என்று கட்டிக்கொண்டே போகிறோம். கணினியும் எடையும் நம் ஊருக்கு வர நாளாகலாம். தூண் மூட்டில் வளையக் கம்பியை நெருக்கிக் கட்டி, நுனியை உள்ளே மடக்க இன்றைக்கே முடியும். கணக்குப் போடுகிற நண்பர்கள் அதை மேஸ்திரி கையில் மட்டும் விட்டுவிடாமல் ஒரு தரம் சாரம் ஏறிப் பார்த்துவிடுங்கள். மில்னுக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுதான்.