பற்றின் கடைசி இழை

மகத நாட்டுக் கோவர் கிராமத்தில் வசுபூதி என்னும் அந்தணருக்கும் பிருதிவி அம்மைக்கும் தலைமகனாகப் பிறந்தவர் இந்திரபூதி. கௌதம கோத்திரத்தினர் ஆதலின் கௌதமர் என்றே வழங்கப்பெற்றார். வேதங்களையும் அவற்றின் அங்கங்களையும் கற்றுத் தேர்ந்து, 500 மாணாக்கர் சூழ வாழ்ந்த அவர் நெஞ்சில், தம்மை வெல்வார் எவருமிலர் என்னும் செருக்கு நிறைந்திருந்தது. அதனடியில், உயிர் என ஒன்று உண்டோ இல்லையோ என்னும் ஐயமும் எவரிடமும் சொல்லப்படாமல் கிடந்தது. அனைத்தும் அறிந்தவர் என்ற பெயரைக் காத்து நின்றவரால் அதனை யாரிடமும் கேட்க இயலவில்லை.

வர்த்தமான மகாவீரர் கேவலஞானம் எய்தியபின் அவரைக் காணச் சென்றார் இந்திரபூதி. மானஸ்தம்பத்தைக் கண்ட அளவிலேயே அவருடைய மானம் கரைந்தது என்பது திகம்பர மரபு. அவர் வாய் திறவாமுன்பே பகவான் அவ்வையத்தை எடுத்துரைத்துத் தீர்த்தருளினார் என்பது சுவேதாம்பர மரபு. செருக்கும் ஐயமும் நீங்கிய இடத்தில் அறவுரை புகுந்தது. தம்பியர் அக்கினிபூதியும் வாயுபூதியும் பின்தொடரத் துறவு பூண்டு, 11 கணதரருள் முதல்வரானார்.

எனினும் ஒருமுறை துறந்த செருக்கு மீண்டும் தலைதூக்குதல் உண்டு. வாணிச்சியக் கிராமத்து இல்லறத்தார் ஆனந்தர், நோன்பிருந்த நிலையில் தமக்கு விரிந்த அவதிஞானம் வாய்த்ததாகக் கூறினார். இல்லறத்தாருக்கு அத்துணை ஞானம் கூடாது என்று மறுத்த கௌதமர், அவரைக் கழுவாய் தேடச் சொன்னார். ஆனந்தர் கூறியதே மெய் என்று பகவான் தெளிவித்ததும், கணதரர் தாமே திரும்பிச் சென்று அந்த இல்லறத்தாரிடம் மன்னிப்பு வேண்டினார்.

இவ்வளவு துறந்தும் கேவலஞானம் அவருக்குக் கைகூடவில்லை. அவரால் நெறிப்பட்டோர் பலர் அதனை எய்தினர். அவர் மட்டும் நின்றுவிட்டார். அவரைத் தடுத்தது தீய எண்ணம் எதுவும் அன்று. பகவான்மீது அவர் கொண்டிருந்த அன்பே. நல்லது என்று போற்றிக் காத்தமையால் அதனைத் துறக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

தம் 72ஆம் அகவையில் பாவாபுரியில் வீடுபேறு அணுகியபோது, பகவான் கௌதமரை அருகிலிருந்த ஊருக்கு அறம் உரைக்க அனுப்பினார் என்று சுவேதாம்பர நூல்கள் கூறும். திரும்பும் வழியில் செய்தி கேட்ட கௌதமர் தாயை இழந்த குழவிபோல் அழுதார். இறுதி வேளையில் தம்மை ஏன் விலக்கினார் என்று நொந்தார். அழுகையினூடே தெளிவு பிறந்தது. விருப்பு வெறுப்பற்றவரிடம் பிரிவும் இல்லை, விலக்குதலும் இல்லை. கட்டியிருந்தது தம் மனமே. அவ்விழை அறுந்தது, கேவலஞானம் உதித்தது.

அதன்பின் 12 ஆண்டுகள் அறம் உரைத்து, 92ஆம் அகவையில் கௌதமர் வீடுபேறு எய்தினார் என்பர். கார்த்திக அமாவாசையான தீபாவளியன்று சமணர் இல்லங்களில் ஏற்றும் விளக்கு, பகவானின் வீடுபேற்றோடு அவருடைய முதல் மாணாக்கர் பெற்ற ஞானத்தையும் நினைவூட்டுகிறது.