பயிர்நூலறிஞர் வவிலோவ்

ருஷிய நாட்டுப் பயிர்நூலறிஞராகிய நிகோலாய் வவிலோவ் 1887-ஆம் ஆண்டு மாஸ்கோ மாநகரிற் பிறந்தார். அந்நகரத்து வேளாண்மைக் கல்லூரியிற் பயின்று தேறியபின், 1913-ல் இங்கிலாந்து சென்று, மரபியற் கலைக்கு ஆங்கிலத்திற் பெயர் சூட்டிய பேட்ஸன் என்னும் பேரறிஞரிடம் கற்றார். மீண்டு வந்து சராட்டவ் நகரிற் பேராசிரியராய் விளங்கியவர், 1921-ல் பெட்ரோகிராடு நகரத்துப் பயிராராய்ச்சிக் கழகத்தின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டிலேதான் வால்கா ஆற்று நாட்டைக் கொடும் பஞ்சம் பற்றியது. மழை பொய்ப்பினும் பனி மிகினும் மடியாத பயிர்களை ஆக்குதலே அவர் வாழ்நாள் நோக்கமாயிற்று.

ஒரு பயிர் எவ்விடத்து மிகப் பல வகையினதாய்க் காணப்படுகின்றதோ அவ்விடமே அதன் தாயகம் என்று அவர் கருதினார். பின்வந்தோர் இக்கொள்கையைத் திருத்தினாராயினும், அதன் பயன் பெரிது. அப்கானிஸ்தானம், அபிசீனியா முதலிய நாடுகளில் அலைந்து வித்துக்களைத் திரட்டினார். 1929-ல் அல்மா-ஆட்டா நகரை அடைந்தபோது, சூழ்ந்த மலைச்சாரல்களில் ஆப்பிள் மரங்கள் காடாய் நிற்கக் கண்டார். மரத்துக்கு மரம் கனியின் நிறமும் பருமனும் சுவையும் வேறுபட்டன. ஆப்பிளின் தாயகம் இதுவே எனத் துணிந்தார். 2010-ல் ஆப்பிளின் மரபுத்தொகுதி படித்தறியப்பட்டபோது, தோட்டத்து ஆப்பிளின் தலையாய முன்னோன் அம்மலைமரமே என்பது உறுதியாயிற்று.

நேயர்கள் ஈண்டு ஒன்று கருதல் வேண்டும். தோட்டத்து ஆப்பிள் ஒட்டுமரம். கனி தருவது ஒரு மரம், வேர் மற்றொரு மரம். மரம் ஓங்குவதும் குறுகுவதும் பெரும்பாலும் வேர்ச்செடியைப் பொறுத்தன. வேர் கிளைக்குமாற்றை ஜீன்கள் நடத்துகின்றன. பிற ஜீன்களை ஏவியும் அடக்கியும் ஆளும் ஜீன் குடும்பங்களை இக்காலத்தார் பழமரங்களில் ஆராய்கின்றனர். வல்ல வேரைத் தேடுவார்க்குக் காட்டுமரத்தின் பன்மையே முதற்பொருள். அதனை அழியாது காக்கவே வவிலோவ் முயன்றார்.

ஜீன் என்பதே பொய் என்றுரைத்த லைசெங்கோ என்பார் ஸ்டாலினது ஆதரவைப் பெற்றிருந்தார். வவிலோவ் அவரை வெளிப்படையாக மறுத்தார். 1940 ஆகஸ்டில், உக்ரேன் நாட்டிற் செடிகள் சேகரித்துக்கொண்டிருந்தவரைக் காவலர் பிடித்துச் சென்றனர். 1941-ல் மரணதண்டனை விதிக்கப்பெற்றது. மறு ஆண்டு அஃது இருபதாண்டுச் சிறையாய்க் குறைந்தது. பஞ்சத்தை வெல்லப் புறப்பட்ட அவர், தாம் முன்னர்ப் பாடஞ்சொன்ன சராட்டவ் நகரத்துச் சிறையில், 1943 ஜனவரி 26-ஆம் நாள், பசியால் நலிந்து உயிர் நீத்தார்.

லெனின்கிராடு எனப் பெயர் மாறியிருந்த பெட்ரோகிராடு நகரம் அக்காலத்துப் பகைவரால் முற்றுகையிடப்பட்டிருந்தது. கழகத்து அறிஞர் சிலர், நெல்லும் பிற தானியங்களும் அருகிருக்க, அவற்றில் ஒரு பிடியும் உண்ணாது பட்டினியால் மாண்டனர். ஆசிரியரது புகழினும் இவர்களது புகழ் சிறிதென யாம் எண்ணோம்.

1955-ல் வவிலோவ் மீதிருந்த தீர்ப்பு நீக்கப்பட்டது. அக்கழகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.