குடியை வென்ற டப்ளின் தொழிலாளி

1884ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை. அயர்லாந்தின் டப்ளின் நகரில், மதுச்சாலையொன்றின் அருகே இருபத்தெட்டு வயதுத் தொழிலாளி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவ்வாரம் வேலைக்குச் செல்லாததால் அவர் கையில் கூலி இல்லை. கூலி பெற்று வந்த நண்பர்கள் அவரைக் கடந்து உள்ளே சென்றனர். அவருடைய காசில் எத்தனையோ நாட்கள் குடித்தவர்கள் அவர்கள். ஒருவரேனும் அவரை அழைக்கவில்லை. மனம் நொந்து வீடு திரும்பியவர், மதுவைத் துறக்கும் வாக்குறுதி எடுக்கப்போவதாகத் தாயிடம் கூறினார். காக்க முடியுமானால் மட்டும் எடு என்று தாய் எச்சரித்தே அனுப்பினார்.

அவரே வணக்கத்துக்குரிய மத்தேயு டல்பொட். 1856 மே 2ஆம் திகதி, பன்னிரண்டு பிள்ளைகளுள் இரண்டாமவராகப் பிறந்தவர். தந்தையும் குடிப்பழக்கம் உள்ளவர். பன்னிரண்டு வயதில் மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்த சிறுவன், அங்கேயே குடிக்கப் பழகினான். அடுத்த பதினாறு ஆண்டுகள் கூலி முழுவதும் மதுச்சாலைக்கே போயிற்று. காலணியையும் விற்றுக் குடித்தார். ஒருமுறை தெருவில் வாசித்துப் பிழைத்த ஏழைக் கலைஞரின் வயலினையும் நண்பர்களுடன் சேர்ந்து திருடி விற்றார்.

அன்று குருவானவர் முன்னிலையில் பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதங்களுக்கே வாக்குறுதி எடுத்தார். அந்த மூன்று மாதங்களும் பெரும் வேதனையாயின. பின்னர் அதனை நீடித்து, இறுதியில் வாழ்நாள் முழுவதற்குமாக்கினார்.

அவர் இரும்புச் சங்கிலிகளை உடலில் அணிந்திருந்ததையே பலர் வியந்து பேசுவர். அவருடைய காசில்லாச் சட்டைப்பையே எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. வாக்குறுதி எடுத்த சில நாட்களில், பையில் காசுடன் மதுச்சாலையொன்றினுள் நுழைந்தார். பணியாளர் அவரைக் கவனிக்கவில்லை. உடனே வெளியேறி ஆலயத்துள் சென்றவர், இனிக் காசுடன் வெளியே நடப்பதில்லை என உறுதிபூண்டார். ஆண்களின் குடி பெரும்பாலும் தனியே வருவதில்லை. கூலி நாளும், கூட்டாளிகளும், ஒருவருக்கொருவர் வாங்கிக் கொடுக்கும் கௌரவமும் அதனுடன் சேர்ந்தே வரும். வேலை முடிந்த அந்த மாலை வேளையே அவருக்கு ஆபத்தானது. ஆகவே நண்பர்கள் வராத ஆலயங்களைத் தேடிச் சென்று, அந்நேரத்தைச் செபத்தில் கழித்தார். இன்று ஆண்களுக்கென நடத்தப்படும் போதை நீக்கச் சிகிச்சைகளிலும் பழைய கூட்டத்தையும் பழைய வழியையும் விட்டு விலகுமாறே கேட்கின்றனர்.

மதுச்சாலைகளில் வைத்திருந்த கடன்களைத் தேடித் தேடி அடைத்தார். வயலின் கலைஞரைப் பல ஆண்டுகள் தேடியும் காணாததால், அப்பணத்தை அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கொடுத்தார். மரக்காலையொன்றில் கூலியாளாகவே வாழ்ந்தார். குடிப்பவரைக் கடிந்துகொள்ளவில்லை. விடுவது எத்துணை கடினமென அவர் அறிவார்.

1925 யூன் 7ஆம் திகதி, திரித்துவப் பெருவிழாவன்று திருப்பலிக்குச் செல்லும் வழியில் வீழ்ந்து இறந்தார். 1975இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவரென அறிவித்தார். டப்ளின் லூர்து அன்னை ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. குடியில் வீழ்ந்த கணவருக்காகவும் மகன்மாருக்காகவும் பெண்கள் அங்கே வந்து மன்றாடுகின்றனர்.