வத்தலக்குண்டு தந்த நாவலாசிரியர்

கொடைக்கானலுக்கு மலையேறுவோர் பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் கடந்து செல்லும் ஊர் வத்தலக்குண்டு. தமிழ் நாவல் முன்னோடிகளுள் ஒருவரான பி. ஆர். ராஜமய்யர் 1872ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்தார். மதுரையிலும் பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். சட்டக் கல்வி அவருக்குக் கைகூடவில்லை. கம்பரிலும் தாயுமானவரிலும் தோய்ந்த உள்ளம் எழுத்தையே நாடியது.

இருபத்தோராம் வயதில் அவர் தொடங்கிய நாவல், 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி இதழில் தொடராக வெளிவந்து, 1896இல் நூலாயிற்று. அதுவே கமலாம்பாள் சரித்திரம். மதுரைச் சீமையின் சிறுகுளம் என்னும் சிற்றூரே அதன் களம்.

இளமை முதிர்ந்து வாழ்வாகும் கதை அந்நாவலில் இருவகையாக அமைந்துள்ளது. இளைஞன் ஸ்ரீநிவாசனுக்கு வளர்ச்சி என்பது பள்ளி, நண்பர், நகரம், கல்லூரி என விரிகிறது. அவன் கைப்பிடித்த சிறுமிக்கோ அது மணத்திலும் புக்ககத்திலும் அடங்குகிறது. பெரியோர் நிலையும் அவ்வாறே. மனைவி மீது எழுந்த பொய்ப்பழியால் மனமுடைந்த முத்துஸ்வாமி அய்யர் இல்லம் துறந்து குருவைத் தேடிச் செல்ல முடிகிறது. பழியைச் சுமந்த கமலாம்பாளோ துயரால் முதிர்கிறாள். ஆடவனுக்குப் பயணம் ஆசானாயிற்று; பெண்ணுக்குப் பொறுமையே ஆசானாயிற்று.

இது ராஜமய்யருக்கு மட்டும் உரிய போக்கன்று. கண்டி அறிஞர் சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட அசன்பே சரித்திரத்திலும், குழந்தைப் பருவத்தில் கவர்ந்து செல்லப்பட்ட அசன் நாடுவிட்டு நாடு சென்றே ஆளாகிறான். அக்காலச் சமூகம் பெண்ணுக்கு வழங்காத வழியை அக்கால நாவலும் எளிதில் வழங்கிவிடவில்லை. எனினும் ராஜமய்யர் தம் நூலுக்குத் துறவு பூண்ட கணவரின் பெயரைச் சூட்டவில்லை; பழி சுமந்த மனைவியின் பெயரையே சூட்டினார். அவருடைய நெஞ்சம் எவர் பக்கம் நின்றது என்பதற்கு இதுவே சான்று எனலாம்.

1896இல் சென்னையில் தொடங்கப்பெற்ற பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில வேதாந்த இதழின் ஆசிரியராகி, இறுதிவரை அப்பணியில் ஈடுபட்டார். 1898ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், இருபத்தாறு வயதில் மறைந்தார். சித்திலெவ்வை மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

ஒரே நாவல் எழுதிய அவ்விளைஞர் நமக்கு ஒரு வினாவை விட்டுச் சென்றுள்ளார். ஆண்மகன் கற்றும் உலகைக் கண்டும் ஆளாகலாம் எனில், பெண்மகள் துன்புற்றுத்தான் ஆளாக வேண்டுமா? கல்விக்கூடம் ஏகும் நம் மகளிர் ஒவ்வொருவரும் அதற்கு விடை எழுதிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் செல்லும் பாதையை அடைக்காதிருப்பது பெரியோர் கடனாகும்.