சிதம்பரம் பிள்ளையவர்களின் பொதுநலத் தொண்டு

பொதுக்கூட்டத்திற்குச் சென்று கேட்டு மகிழ்வோர் பலர். கேட்டதனைத் தம் ஊரிலும் தெருவிலும் நடத்திக் காட்டுவோர் சிலரே. கூட்டம் கலைந்த பின்னர் நிகழும் உழைப்பே ஊர்க்குப் பயன் தருவதாம். இவ்வுண்மையைத் தம் வாழ்நாளால் விளக்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் சரிதத்தை நம் சங்க அன்பர்களுக்குச் சுருங்கக் கூற விரும்புகின்றோம்.

இவர் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த ஓட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை. தாயார் பரமாயி அம்மையார். தந்தையாரைப் போலவே வக்கீல் தொழிலை மேற்கொண்டு, பின்னர்த் தூத்துக்குடியிற் குடியேறினார்.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடும் வாணிகம் ஆங்கிலேயக் கம்பெனியார் கையில் இருந்தது. அதனை மாற்றக் கருதிய பிள்ளையவர்கள் 1906ஆம் ஆண்டிற் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். மூலதனம் 10 லட்ச ரூபாய்; பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவரவர்கள் தலைவராய் அமர்ந்தார். மேடைப் பேச்சோடு நில்லாது, பங்கு சேர்க்க ஊர்தோறும் அலைந்தவர் பிள்ளையவர்களே. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டனர்.

1908ஆம் ஆண்டு தொடக்கத்தில் இவரும் சுப்பிரமணிய சிவா அவர்களும் தூத்துக்குடிக் கடற்கரையிற் கூட்டங்கள் நடத்தினர். கோரல் ஆலைத் தொழிலாளரும் அங்கு வந்து கேட்டனர். பிப்ரவரி 27ஆம் நாள் அவர்கள் கூலி உயர்வும் வார ஓய்வும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். கூலியின்றி நின்ற குடும்பங்களுக்காகப் பிள்ளையவர்கள் பொருள் திரட்டினார். பலர்க்கு நகரத்தாரிடம் வேறு வேலையும் தேடித் தந்தார். நகர மக்களும் துணை நின்றனர். பத்து நாளைக்குள் ஆலையார் இணங்கினர். இவ்வெற்றி கடற்கரைப் பேச்சால் மட்டும் விளைந்ததன்று. வீடுதோறும் எரிந்த அடுப்பால் விளைந்ததென்றே நாம் கொள்கின்றோம்.

விபின சந்திர பாலரின் விடுதலையை மார்ச்சு 9ஆம் நாள் கொண்டாடியதையொட்டி, 12ஆம் நாள் இவர் சிறைப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கிளர்ச்சியிற் போலீசாரின் துப்பாக்கிக்கு நால்வர் இரையாயினர். நீதிமன்றம் இவர்க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. வக்கீலாயிருந்தவர் கோயமுத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்தார்.

1912ஆம் ஆண்டு டிசம்பரில் விடுதலை பெற்றபோது, எதிர்கொள்ளப் பெருங்கூட்டம் வரவில்லை. கப்பற் கம்பெனி முன்னரே கலைந்திருந்தது. வக்கீல் உரிமமும் போயிற்று. வறுமையிலும் இவர் தளரவில்லை. தொழிலாளர் நலம் நாடினார். திருக்குறள் மணக்குடவர் உரையையும், தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் கண்ட உரையையும் பதிப்பித்துத் தமிழ்த் தொண்டு புரிந்தார். பிற்காலத்தில் உரிமம் மீண்டது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் உயிர் நீத்தார்.

கடற்கரையில் ஆயிரம் ஆயிரமாய்த் திரண்டவர்கள் சிறைவாயிலில் எங்கே சென்றனர்? இவ்வினா நம்மையும் நோக்கியதேயாகும். ஆண்டுக்கொருமுறை கூடிக் கைதட்டுதல் எளிது. உரிய காலத்திற் சந்தா செலுத்துதலும், ஏற்ற பணியை முடித்தலும், பொதுநலத்திற்காக நலிந்தவர் வீட்டு வாயிலை மிதித்து நலம் உசாவுதலும் அரியன. அவ்வரியன செய்வோரே பிள்ளையவர்களை உண்மையாகப் போற்றுவோராவர்.