வணக்கத்தின் உயிர்நாடி – இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

இஸ்லாத்தில் வணக்கம் என்பது பள்ளிவாயிலின் நான்கு சுவர்களுக்குள் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும் சடங்கன்று. அது மனிதனை இறைவனோடும், அதே வேளையில் சக மனிதனோடும் பிணைக்கின்ற கயிறாகும். இவ்வுண்மையை நூல்களில் எழுதியதோடு நில்லாமல், அதன்பொருட்டுத் தம் வாழ்வையே திசைதிருப்பிக்கொண்ட பேரறிஞர் ஒருவர் உண்டு. அவரே இமாம் அபூஹாமித் முஹம்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

பாரசீகத்தின் குராசான் பகுதியிலுள்ள தூஸ் நகரில் ஹிஜ்ரி 450, அதாவது கி.பி. 1058இல் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூற்று விற்று வாழ்ந்த ஏழை; எழுதப்படிக்கத் தெரியாதவராயினும் அறிஞர் அவையை நாடிச் செல்பவர். அவர் தம் இறுதிக்காலத்தில், இரு புதல்வர்களையும் சிறிதளவு பொருளையும் ஒரு சூஃபி நண்பரிடம் ஒப்படைத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அப்பொருள் தீர்ந்தபின், உணவும் கல்வியும் ஒருங்கே கிடைக்கும் மதரஸாவில் சிறுவர்கள் சேர்ந்தனர். வயிற்றுப் பசி காட்டிய வழியிலேதான் அறிவுப் பசியும் தணியத் தொடங்கிற்று!

பின்னர் நீஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் பயின்று, ஆசிரியர் 1085இல் மறைந்தபின் செல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் அவையை அடைந்தார்கள். 1091இல் பக்தாத் நிஜாமிய்யா கல்லூரியின் தலைமைப் பேராசிரியர் பதவி அவர்களைத் தேடி வந்தது. அப்போது வயது 33. ஏறத்தாழ 300 மாணவர்கள் அவர்கள் முன் அமர்ந்து பாடம் கேட்டனர். செல்வமும் சிறப்பும், அரசவை மதிப்பும் ஒருங்கே குவிந்தன.

ஆனால் அந்தப் புகழின் உச்சியில்தான் அவர்களின் உள்ளம் ஒரு வினாவை எழுப்பியது. இந்தப் போதனை இறைவனுக்காகவா? புகழுக்காகவா? ‘நிய்யத்’ என்னும் எண்ணத் தூய்மையின்றி வணக்கம் வணக்கமாகாது என்பதை அறிந்தவர்கள் தம் பணியையே அவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தார்கள். அது மாற்றுக் குறைந்ததாகவே தோன்றிற்று. பதவியை விடவும் இயலவில்லை, வைத்திருக்கவும் இயலவில்லை. ஏறத்தாழ ஆறு திங்கள் நீடித்த அப்போராட்டத்தின் முடிவில், 1095இல், அவர்களின் நா பேச மறுத்தது, உணவும் இறங்கவில்லை. நோயின் வேர் உள்ளத்தில் உள்ளதெனக் கண்ட மருத்துவர்கள் கைவிரித்தனர்.

இறுதியில், குடும்பத்தின் வாழ்வுக்குத் தேவையான அளவை ஒதுக்கிவிட்டு எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்து, அவ்வாண்டின் இறுதியில் பக்தாதைத் துறந்தார்கள். திமிஷ்கு நகரின் உமையாப் பள்ளிவாயில் மினாராவில் ஏறிக் கதவடைத்துக்கொண்டு தியானத்தில் ஆழ்ந்தார்கள். ஜெருசலத்திலும் அவ்வாறே தனித்திருந்தார்கள். ஹெப்ரோனில் இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில், இனி அரசர் அவைக்குச் செல்வதில்லை, அரசர் பொருளைப் பெறுவதில்லை, வீண் விவாதம் புரிவதில்லை என உறுதி பூண்டார்கள். பின்னர் ஹஜ்ஜுக்கும் சென்றார்கள்.

இக்காலத்தின் கனியே ‘இஹ்யா உலூமித்தீன்’. நான்கு பகுதிகளும் 40 நூல்களும் கொண்ட அப்பேரேட்டின் முதற்பகுதி வணக்கங்களைப் பற்றியது. தொழுகைக்கு உடலசைவுகள் மட்டும் போதா. உள்ளம் அங்கே இருத்தல் வேண்டும், ஓதுவதன் பொருள் உணர்தல் வேண்டும், பணிவும் அச்சமும், நம்பிக்கையும் நாணமும் வேண்டும் என்று இமாமவர்கள் விளக்கினார்கள். நோன்பு வயிற்றுக்கு மட்டுமன்று. கண்ணுக்கும் நாவுக்கும் உள்ளத்துக்கும் உண்டென்றார்கள். ஜக்காத்தைப் பெறும் ஏழையே செல்வந்தனுக்கு உபகாரம் செய்பவன் என எடுத்துரைத்து, கொடுப்போரின் செருக்கை அறுத்தார்கள்.

இரண்டாம் பகுதியோ உணவு, இல்லறம், வாணிகம், தோழமை ஆகியவற்றைப் பேசுகிறது. தொழுகை விரிப்பில் தொடங்கும் வணக்கம் கடைவீதியின் தராசுத்தட்டு வரை நீள்கிறது என்பதற்கு அவ்வமைப்பே சான்று. அண்டை வீட்டார் பசித்திருக்க, மீண்டும் மீண்டும் ஹஜ்ஜுக்குப் பொருள் செலவிடும் செல்வர்களை ஏமாந்தவர்களின் வரிசையில் அவர்கள் வைத்தார்கள். ஊரில் மருத்துவரின்றி மக்கள் அல்லற்படும்போது, புகழும் பதவியும் கருதி எல்லோரும் சட்டக்கலைக்கே விரைவதையும் கண்டித்தார்கள். சமுதாயத்தின் தேவையை நிறைவேற்றுதல் இறைவன் விதித்த கூட்டுக்கடமை என்பதே அவர்களின் தெளிவு.

இருப்பினும் தனிமையே அவர்களின் முடிவன்று. 1106இல், அமைச்சர் ஃபக்ருல் முல்க் நீஷாப்பூர் நிஜாமிய்யாவில் போதிக்க அழைத்தார். அப்போது தம் தனிமையைத்தானும் ஐயுற்றார்கள்: இது இறைவனுக்காகவா, சோம்பலுக்கும் சுகத்துக்குமாகவா? மக்களிடையே சமயம் தளர்ந்திருக்கையில் ஒதுங்கியிருத்தல் தகாது எனத் தெளிந்து மீண்டும் ஆசிரியப் பீடமேறினார்கள். பதினோர் ஆண்டுகளுக்கு முன் விட்ட அதே பணி. ஆனால் எண்ணம் வேறு. அதனால் அப்பணியே வணக்கமாயிற்று.

பின்னர்த் தூஸ் திரும்பி, இல்லத்தருகே மாணவர்க்கு ஒரு மதரஸாவும் சூஃபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்து வாழ்ந்தார்கள். 1111 டிசம்பர் 18, திங்கட்கிழமை வைகறையில் ஒளூச் செய்து தொழுதார்கள். கஃபன் துணியைக் கேட்டுப் பெற்று முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். கிப்லாவை நோக்கிப் படுத்து, கதிரவன் எழுமுன் உயிர் நீத்தார்கள் என்பது இளவல் அஹ்மது வழி வந்த செய்தி.

கல்லூரி வாழ்வில் தேர்வும் பட்டமும் பதவியும் நம்மைச் சூழ்ந்து நிற்கின்றன. இவற்றை யாருக்காக நாடுகிறோம் என்ற வினாவை இமாமவர்கள் தம்மிடம் இருமுறை கேட்டார்கள். முதன்முறை விடை அவர்களை வகுப்பறையிலிருந்து வெளியேற்றியது, மறுமுறை விடை வகுப்பறைக்கே திருப்பியது. கற்போரும் கற்பிப்போரும் அவ்வினாவை நாள்தோறும் எழுப்புவோமாக! நம் கல்வியையும் வணக்கமாக ஏற்றருள வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.