தற்செயலுக்கும் கணக்கு உண்டு

மணலி புதுநகர்ச் சாலையிலே நாள்தோறும் நாம் காணும் காட்சி, கன்டெய்னர் லாரிகளின் அணிவகுப்பு. லாரி யார்டுக்குள் நுழைகிறது; கிரேன் பெட்டியைத் தூக்குகிறது; சீல் உடைகிறது; வியர்வை சிந்தி மூட்டைகளை இறக்குகிறான் தொழிலாளி. எல்லாம் முடிந்தபின், இது நமக்கு வேண்டாத சரக்கு, திருப்பி ஏற்று என்றால் அவன் வயிறு எரியுமா, எரியாதா? வாசலிலேயே சீட்டைப் பார்த்திருக்கலாகாதா என்று கேட்பானன்றோ?

அணுவைத் துருவி ஆராயும் விஞ்ஞானிகளும் இன்று இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நெடுநாள் முன்பே பாதை போட்டவர்களுள் ஒருவர் ஹோமி பாபா. அணுசக்தித் துறையை அமைத்தவர் என்று அவரை நாடறியும். தற்செயலுக்குக் கணக்கு எழுதியவர் என்று அறிந்தோர் சிலரே.

1909 அக்டோபர் 30-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். செல்வக்குடி, டாட்டா குடும்பத்துக்கு நெருங்கிய உறவு. ஜாம்ஷெட்பூர் உருக்காலைக்குப் பொறியாளராக வரட்டும் என்று 1927-இல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினர். பொறியியலில் தேறினார், ஆனால் உள்ளம் நாடியது பௌதிகத்தை. எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதிச் சிதறுவது எப்படி என்று அவர் போட்ட கணக்கு 1936-இல் வெளியாயிற்று. பாபா சிதறல் என்றே அதற்குப் பெயர்.

மறு ஆண்டு ஹைட்லர் என்பவருடன் சேர்ந்து விண்கதிர்களை ஆராய்ந்தார். வானிலிருந்து பாய்ந்து வரும் எலக்ட்ரான், எதிர்ப்படும் அணுவருகே ஒளித்துகளை வீசுகிறது. அந்த ஒளித்துகள், எலக்ட்ரானும் பாசிட்ரானுமாகப் பிரிகிறது. அவை மீண்டும் ஒளித்துகள் வீசுகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, துகள் மாரியே பொழிகிறது! சராசரியாக எத்தனை துகள் என்பதை இருவரும் கணக்கிட்டுக் காட்டினர்.

சராசரி போதுமா? ஊரின் சராசரிக் கூலியைச் சொன்னால், ஒருவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று தெரியுமா? ஒரு மாரி போல் மறு மாரி இல்லை. எந்த அளவுக்கு மாறும்? அதுவே அடுத்த புதிர்.

1939-இல் விடுமுறைக்கு வந்த பாபாவை, மூண்ட உலகப்போர் திரும்பவிடவில்லை. பெங்களூரில் சர் சி.வி. ராமனின் துறையிலே பணி ஏற்றார். 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அவரிடம் சென்ற சென்னை இளைஞர் அல்லாடி ராமகிருஷ்ணன் அந்தப் புதிரை ஏற்றார்; 1950-இல் இருவரும் சேர்ந்தே அதுபற்றி எழுதினர். 1962-இல் சென்னையில் கணித அறிவியல் நிலையம் கண்டவரும் அதே ராமகிருஷ்ணன்தான்.

1952-இல் அமெரிக்கர் ராபர்ட் வில்சன் வேறு வழி கண்டார். ஓர் உருளையை மோட்டாரால் சுழற்றி, அது நின்ற இடத்தைப் பார்த்து, துகளின் கதியை ஒவ்வோர் அடியாக முடிவு செய்தார். சூதாட்டச் சக்கரம் ஆராய்ச்சிக் கருவியாயிற்று! அந்தச் சக்கரத்தைத்தான் இன்று கணிப்பொறி சுழற்றுகிறது.

ஜப்பானின் ட்சுகுபாவில் எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிடும் பெல்-2 ஆய்வு நடக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கு கொண்டுள்ளது. பி மேசான் என்ற துகள், கே மேசானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் சிதைவது பத்து லட்சத்தில் ஐந்தாறு முறையே என்கிறது கொள்கை. அதற்கான முதல் சான்று 2023-இல் வெளியாயிற்று. இத்தகைய அரிய சிதைவைத் தேடுமுன், அதைப் போலவே வேடமிட்டு வரும் மற்ற நிகழ்ச்சிகளை அறிய வேண்டும். அதற்காகக் கோடிக்கணக்கில் போலி மோதல்களைக் கணிப்பொறியிலே படைக்கிறார்கள். ஒவ்வொன்றையும் கருவியின் வழியே இறுதிவரை நடத்துவது பெருஞ்செலவு. நடத்தி முடித்தபின் பெரும்பகுதி தள்ளுபடி!

ஆகவே புதுமுறை கண்டனர். மோதல் பிறந்தவுடனே, இது தேறுமா, தேறாதா என்று பயிற்சி பெற்ற கணிப்பொறி மதிப்பிடுகிறது; வாசலிலேயே சீட்டைப் பார்க்கிறது. ஆனால் காவலன் கண் தவறினால்? நல்லதும் திரும்பிப் போகும், கணக்கே கோணலாகும். அதனால் தேறாது என்று தோன்றுவனவற்றிலும் சிலவற்றை உள்ளே விடுகிறார்கள். பத்தில் ஒன்றை விட்டால், அந்த ஒன்றைப் பத்தாக எண்ணுகிறார்கள். உழைப்பும் மிச்சம், நியாயமும் நிலைக்கும். மொத்தம் எத்தனை மோதல் என்று அளக்கும் படிக்கல், 1936-இல் பாபா போட்ட அதே கணக்கு!

1966 ஜனவரி 24 அன்று, மாண்ட் பிளாங்க் மலையிலே விமானம் மோதி 117 பேர் மாண்டனர். பாபாவும் ஒருவர், வயது 56. அவர் நிறுவிய நிலையத்தார் கோலார் தங்கவயலின் ஆழத்திலே 1965-இல் நியூட்ரினோவைக் கண்டனர்; 1980 முதல் புரோட்டான் சிதையுமா என்றும் காத்திருந்தனர். அது இன்றுவரை மெய்ப்படவில்லை. அந்தச் சுரங்கத்தைக் குடைந்தவர்களிலே ஆயிரமாயிரம் பேர் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

பாபாவின் அறிவு பெரிது. அதற்குத் துணைநின்ற செல்வமும் பெரிது. தற்செயல் என்பது தலைவிதி அன்று, எண்ணவும் திருத்தவும் முடியும் என்பதே அவர் கணக்கு தரும் பாடம். பத்து லட்சத்தில் ஐந்தாறு என்ற அருமை, அணுவுக்குள் இருக்கட்டும். மணலித் தொழிலாளியின் மகள் ஆய்வுக்கூடத்தின் படியேறுவதும் அப்படி அரிதாக இருக்கலாமா? வாசலிலே திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகளை யார் எண்ணுவது? நாம்தான் எண்ண வேண்டும், தோழர்களே!